கலங்கிய ரேடியேட்டர் தண்ணீர்: ஹெட்டை இறக்குவதற்கு முன்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பா ஓட்டிய 1999 மாடல் சுமோ, டீசல். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் ஆறிப்போன காப்பி மாதிரி கலங்கி இருக்கிறது. மூடியின் அடியில் வழவழப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. மன்னார்குடியில் ஒருவர் பார்த்துவிட்டு ஹெட் காஸ்கெட் (என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கியாக வேண்டும் என்கிறார். இன்னொருவர் வெறும் துரு, அலசினால் போதும் என்கிறார். டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் சுத்தமாக இருக்கிறது, ஹீட் முள் ஏறவில்லை, பத்து நாளைக்கு ஒரு முறை கால் லிட்டர் அளவு தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இது என்ன நிறம், எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஹெட்டை இறக்கச் சம்மதம் சொல்லலாமா வேண்டாமா என்பதுதான். அதற்கு என் பதில்: இன்னும் சொல்லாதீர்கள். இரண்டு பேரில் யார் சரி என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. அவர்கள் சொன்னதும் பார்வையில் சொன்னதுதான், யாரும் சோதித்ததாக நீங்கள் எழுதவில்லை. ஹெட்டைத் தொடாமலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன, அதில் பாதியை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில்தான் பட்டறை. ஜீப், சுமோ, டிராக்டர், நெல் அறுக்கும் வண்டி, கொஞ்ச காலம் ஆயில் என்ஜின் பம்ப்செட். புதிய வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் சமாசாரத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். பழைய டீசல் என்றால் ஓரளவு பேசலாம்.

பட்டறை வைத்த புதிதில் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டீசல் ஜீப் வந்தது. ரேடியேட்டரில் மஞ்சளும் பழுப்புமாகக் கூழ். தொட்டால் வழவழ என்றிருந்தது. ஆயில் கலந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டி ஹெட்டை இறக்கினேன். காஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பிப் பார்த்தேன், விரிசலும் இல்லை. மூன்றாம் நாள் வண்டிக்காரரின் டிரைவர் வந்து, "அண்ணே, லீக் அடைக்க நாந்தான் அரைக் கிலோ மஞ்சள் தூள் போட்டேன், சொல்ல மறந்துட்டேன்" என்றார். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது நம் டிரைவர்களுக்குத் தெரிந்த பழைய வைத்தியம்தானே. தூள் ஊறி, துருவோடு சேர்ந்து, சூட்டில் வெந்து அப்படி ஒரு கூழாகியிருந்தது. புது காஸ்கெட், இரண்டு நாள் கூலி, லேத் செலவு எல்லாம் என் தலையில். அன்றிலிருந்து மூடியைத் திறந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, இதற்குள் இதுவரை யார் யார் எதை ஊற்றினார்கள் என்பதுதான். உங்கள் அப்பாவிடமும், வண்டியை வேறு யாராவது ஓட்டியிருந்தால் அவரிடமும் இதை வெட்கப்படாமல் கேளுங்கள். மஞ்சள் என்று சந்தேகம் வந்தால், எடுத்த கசடில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ சுண்ணாம்போ விட்டுப் பாருங்கள். ஆரத்தித் தட்டில் சிவக்கிற மாதிரி சிவந்தால் மஞ்சள்தான். சிவக்கவில்லை என்றால் மஞ்சள் இல்லை என்று அர்த்தமில்லை. பல மாதம் சூட்டில் கிடந்த மஞ்சளுக்கு அந்த குணம் போய்விட்டிருக்கும்.

சரி, கலங்கலுக்கு வருவோம். பழைய வண்டியின் தண்ணீரைக் கெடுப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. உள்ளேயே உண்டாகும் துருவும் உப்புப் படிவும் ஒன்று, என்ஜின் ஆயில் இன்னொன்று, சிலிண்டருக்குள் எரிந்த புகை மூன்றாவது. புகை தண்ணீரை உடனே நிறம் மாற்றாது. குமிழ் விடும், தண்ணீரை வெளியே தள்ளும், நாளடைவில் அமிலமாக்கும். இந்த மூன்றும் தனித்தனியாகவும் வரும், கூட்டாகவும் வரும். இதுபோக நாலாவதாக, மேலே சொன்ன மாதிரி மனிதர்கள் ஊற்றியது. லேத்தில் பயன்படும் கட்டிங் ஆயிலைத் துரு பிடிக்காமலிருக்க ரேடியேட்டரில் ஊற்றுவது ஒரு காலத்தில் நல்ல பழக்கமாகவே இருந்தது. அது தண்ணீரைப் பால் மாதிரி வெளுப்பாக்கும், ஆயில் கலந்தது போலவே தோன்றும். இரண்டு வேறு வகைக் கூலன்ட்டை (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்துத் திரவம்) கலந்தாலும் சில சமயம் கூழ் கட்டும். பச்சை, சிவப்பு என்கிற நிறத்தை வைத்து வகையை நம்ப வேண்டாம், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம்தான்.

துருவைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. டெல்டாவில் பல இடங்களில் போர் தண்ணீர் வாளியில் பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு ராத்திரி வைத்தால் மேலே பழுப்பு ஏடு, அடியில் மஞ்சள் கசடு. அது இரும்பு. பூமிக்குள் கரைந்திருந்தது, காற்றுப் பட்டதும் துருவாகி இறங்குகிறது. அதைத்தான் நாம் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போனால் உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தில் பொத்தல் பொத்தலாகக் குழி போடும். ஜூன் மாதம் மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது வாய்க்காலில் அள்ளி ஊற்றுகிறவர்களும் உண்டு, அதில் வண்டல் வரும். அந்தக் காலத்து ஆயில் என்ஜினுக்கு இது பரவாயில்லை. பம்ப் இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு குழாய் எடுத்து என்ஜினைச் சுற்ற விட்டு வயலுக்கே அனுப்பிவிடுவோம், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், எதுவும் தங்காது. ரேடியேட்டர் வண்டியில் அதே தண்ணீர் உள்ளேயே சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் நீங்கள் ஊற்றும் கால் லிட்டரில் இருக்கும் இரும்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கிவிடும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். சுண்ணாம்பு சூட்டில் இன்னும் எளிதாகப் படியும், அதனால் என்ஜினில் எந்த இடம் அதிகம் கொதிக்கிறதோ அங்கேதான் முதலில் காறை கட்டும். பத்து வருடம் போர் தண்ணீரே ஊற்றிய வண்டி என்றால் காப்பி நிறத்துக்கு வேறு காரணமே வேண்டாம். உங்கள் பதிவில் கூலன்ட் என்ற சொல்லே இல்லை, "தண்ணீர்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதையும் கவனித்தேன்.

இப்போது சோதனை. காலையில், என்ஜின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். மூடி பிடித்துவைத்திருக்கும் அழுத்தம் 0.9 பார் என்று வைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும், திறந்த நொடியில் மொத்தமும் பொங்கும். ஆறியதும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மேல் தண்ணீர் அரை பாட்டில், இன்னொன்றில் ரேடியேட்டரின் அடி வடிகுழாயைத் திறந்து வருவது அரை பாட்டில் பிடியுங்கள். மேலும் கீழும் தனித்தனியாக. இதைப் பலர் செய்வதில்லை, ஆயில் மேலே மிதக்கும், துரு அடியில் தங்கும் என்பதால் ஒரே இடத்தில் எடுத்தால் ஏமாந்துவிடுவோம். பாட்டில்களில் எழுதி ஒட்டி, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். பகலில் வெயிலில் வைத்தால் இன்னும் நல்லது, ஆயிலும் தண்ணீரும் கலந்த பால் சூட்டில் சீக்கிரம் பிரியும்.

மறுநாள் அடியில் பழுப்பு மணல் மாதிரி கசடும் மேலே ஓரளவு தெளிந்த தண்ணீரும் இருந்தால் துருவும் வண்டலும். மேலே ஏடாகப் படிந்து, பாட்டிலைச் சாய்த்தால் கண்ணாடியில் வழிந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய். எதுவுமே பிரியாமல் பழுப்புப் பாலாக நின்றால் அதையும் எண்ணெய்ச் சந்தேகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டிங் ஆயில் யாராவது ஊற்றினார்களா என்று விசாரித்த பிறகு. அப்புறம் மேல் ஏட்டில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விட்டு நன்றாகக் காயவிடுங்கள். பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே கண்ணாடியாகத் தெரிந்தால் எண்ணெய். இதில் ஒரு சிக்கல்: கூலன்ட் ஊற்றிய வண்டியாக இருந்தால் அதிலிருக்கும் கிளைக்கால் என்னும் ரசாயனம் அவ்வளவு சீக்கிரம் காயாது, இரண்டு மூன்று நாள் ஈரமாகவே கண்ணாடி மாதிரி நிற்கும். அவசரப்படக் கூடாது. விரலில் தேய்த்துப் பார்த்து வழவழப்பு என்று முடிவு கட்டுவதும் இதனால்தான் சரியில்லை, கிளைக்காலே வழவழப்புதான். கசடில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். கறுப்புத் துரு ஒட்டும், சிவப்புத் துரு அவ்வளவாக ஒட்டாது. ஒட்டினால் நிச்சயம் இரும்பு, ஒட்டாவிட்டால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

எண்ணெய் என்று உறுதியானாலும் உடனே ஹெட் என்று போய்விடாதீர்கள். ஓடும் என்ஜினில் ஆயில் அழுத்தம் 3, 4 பார் இருக்கும். தண்ணீர் அழுத்தம் 1 பாருக்குள். எங்கே இரண்டுக்கும் நடுவில் சுவர் ஓட்டையானாலும் ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். அதனால்தான் ரேடியேட்டரில் எண்ணெயும் டிப் ஸ்டிக்கில் சுத்தமான ஆயிலும் ஒரே வண்டியில் இருக்க முடிகிறது. நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், தண்ணீர் சூட்டில் கொஞ்ச நேரம் அழுத்தத்தோடு நிற்கும், அப்போது கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகலாம். இந்தச் சுவர் இருக்கும் இடங்களில் முதல் சந்தேகத்துக்குரியது ஆயில் கூலர், அதாவது ஆயிலின் சூட்டைத் தண்ணீரால் தணிக்கும் பாகம். உங்கள் என்ஜினில் ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஓஸ் (ரப்பர் குழாய்) வந்து சேர்கிறதா, அல்லது பிளாக்கின் பக்கவாட்டில் கூலர் பெட்டி ஒன்று போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறதா என்று உங்கள் மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால், அதைக் கழற்றி ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் போதும், டியூப் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். ஹெட் இறக்கும் வேலையில் இது கால்பங்கு கூட இல்லை. கூலர் நன்றாக இருந்தால்தான் காஸ்கெட், அதற்கும் பிறகு ஹெட்டில் விரிசல். தானியங்கி கியர் வண்டியாக இருந்தால் கியர் ஆயிலும் ரேடியேட்டர் வழியாகக் கலக்கும், உங்கள் சுமோவில் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது புகை. குளிர்ந்த என்ஜினில் மூடி திறந்தபடி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெல்ட் இருந்தால் வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) தண்ணீரைக் கலக்கி நமக்கு எதுவும் தெரியாது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, தண்ணீர் சுற்றவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆரம்பத்தில் நாலு குமிழ் வந்தால் அது உள்ளே அடைபட்டிருந்த காற்று. ரேஸ் கொடுக்கக் கொடுக்க விடாமல் வந்துகொண்டே இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்று, தண்ணீருக்குள் வருகிறது. பெல்ட்டை மாட்டி மூடியைப் போட்ட பிறகு இன்னொன்றும் பார்க்கலாம்: மறுநாள் காலை குளிரில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஓஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடே ஆகாதபோது ஓஸ் கல் மாதிரி விறைத்தால் அது ஆவியின் அழுத்தமாக இருக்க முடியாது.

நீல நிறத் திரவம் ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சி, மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. அது கரியமில வாயுவைக் காட்டும். பெட்ரோல் வண்டியில் எனக்கு இதில் நல்ல நம்பிக்கை உண்டு. டீசலில் குறைவு. டீசல் என்ஜின் ஐடிலிங்கில் ஏகப்பட்ட காற்றை இழுத்துக் கொஞ்சம் எரிப்பதால் புகையில் கரியமில வாயு கம்மி, நிறம் மாறாமலே போகலாம். பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் லீக் உறுதி. நீலமாகவே இருந்தால், மேட்டில் ஏற்றியோ பாரம் வைத்தோ ஓட்டி வந்து மறுபடி பார்க்க வேண்டும். மேட்டுக்கு டெல்டாவில் எங்கே போவது என்று கேட்காதீர்கள், ரயில்வே மேம்பாலத்தில் நாலு முறை ஏறி இறங்கினால் போதும்.

உங்களுக்கு மிக அவசியம் என்று நான் நினைப்பது கை பம்ப் சோதனை. அழுத்தம் காட்டும் முள் வைத்த கை பம்ப்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் அச்சடித்திருக்கும் அழுத்தம் வரை காற்றடித்துக் கால் மணி நேரம் விடுவது. கால் லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கதையில் இன்னும் அவிழாத முடிச்சு. பம்ப்பின் முள் இறங்கி, வெளியே ஈரம் தெரிந்தால் (வாட்டர் பாடியின் அடித்துளை, ஓஸ் கிளிப், ஹீட்டர் குழாய், ரேடியேட்டர் தொட்டி ஓரம்) விஷயம் எளிது. மூடியையும் சோதியுங்கள், ரப்பர் தேய்ந்த மூடியே தண்ணீரை ஆவியாக்கி விட்டுவிடும், அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். முள் இறங்கி வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது. அப்போது ஹீட்டர் பிளக்குகளை (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள், எந்தத் துளையிலிருந்து நீர் பீய்ச்சுகிறதோ அந்த சிலிண்டர். முகத்தை நீட்டிப் பார்க்க வேண்டாம். பிளக் கழற்றாமல் வலுக்கட்டாயமாக ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் மேல் நிற்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். அதோடு, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் சம்ப்பின் (என்ஜினின் அடி ஆயில் தொட்டி) வடிகால் போல்ட்டை முழுதும் கழற்றாமல் இரண்டு மரை மட்டும் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிட கனம், உள்ளே இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். டிப் ஸ்டிக் சுத்தமாக இருப்பதைவிட இதை நான் அதிகம் நம்புவேன். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளுப்பு நுரை இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், கார்த்திகை மார்கழியில் கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்ன ஓட்டம் ஓடும் வண்டிகளில் அது வெறும் ஈரம்.

இதெல்லாம் செய்யாமலே உங்கள் வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் சொல்கிறேன், ஆனால் இது யூகம். ஹீட் ஏறவில்லை, ஆயில் சுத்தம், தண்ணீர் மெதுவாகத்தான் குறைகிறது. இந்த மூன்றும் துருவின் பக்கம் சாய்கின்றன. காஸ்கெட் போய் கம்ப்ரஷன் தண்ணீருக்குள் வரும் வண்டி இவ்வளவு சாதுவாகப் பெரும்பாலும் இருக்காது. என்னை உறுத்துவது மூடிக்கு அடியில் இருக்கும் அந்த வழவழப்பு மட்டும்தான். துரு அப்படி ஒட்டாது, தேய்த்தால் பொடியாகும். அது எண்ணெயாக இருந்தால் நான் ஆயில் கூலரைப் பார்ப்பேன், யாராவது ஊற்றியதாக இருந்தால் தூங்கப் போவேன். பாட்டில் ஒரு நாளில் பதில் சொல்லிவிடும்.

துரு என்றே முடிவானால், ரேடியேட்டர் கடையில் கொடுத்துத் தொட்டியைத் திறந்து ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது) போடச் சொல்லுங்கள். பவுடர் போட்டு அலசுவது இவ்வளவு கலங்கலுக்குப் போதாது. பிளாக்கை எதிர்த்திசையில் நல்ல தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். இருபத்தைந்து வருடக் காறையை அலசும்போது அதுவரை அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை சில சமயம் திறந்துகொள்ளும், அதற்கு மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். எண்ணெய் கலந்திருந்ததென்றால், ஓட்டையை அடைத்த பிறகு நுரை குறைவான சோப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை ஓட்டி அலசி, ஓஸ்களையும் மாற்றிவிடுங்கள், தண்ணீர் ஓஸின் ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி மெத்தென்றாகும். தண்ணீர் சூடேறும்வரை வழியை அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொன்னால் கேட்க வேண்டாம், புதிது போடச் சொல்லுங்கள். திரும்ப ஊற்றுவது கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றினாலும் துரு பிடிக்கும், துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது.

ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று சோதனைகள் சொன்னால், இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். லேத்தில் ஃபேஸ் போடுவதற்கு (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) முன் ஹெட்டை அழுத்தம் கொடுத்து விரிசல் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய காஸ்கெட் உங்கள் கைக்கு வர வேண்டும். எந்த இடத்தில் கருகியிருக்கிறது, எங்கே துரு ஊடுருவியிருக்கிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், பார்க்கத் தெரியாவிட்டால் இங்கே படம் போடுங்கள்.

இன்னொன்று தம்பி. வடிக்கும் பழைய தண்ணீரில் கூலன்ட் கொஞ்சமாவது இருந்தால் அது விஷம், அதுவும் இனிப்பான விஷம். நாயும் மாடும் தேடி வந்து நக்கும். வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்து மூடி ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் எடுப்பவரிடம் தனியாகக் கொடுங்கள், ஆயிலோடு கலக்க விடாதீர்கள்.